அடுத்த படி எது?

(கெடார் குறுவள மையக் கூட்டத்தில், தொடக்க, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களிடையே அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொழில் வழிகாட்டல் பற்றிச் சிறிது நேரம் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் மருத்துவர், பொறியாளர், மாவட்ட ஆட்சியர் என்றுதான் தொடங்குவது வழக்கம். நான் கார் பந்தய வீரரில் இருந்து தொடங்குகிறேன். என் பணிக்காலத்தில் நான் வருந்துகிற ஒரு பாடவேளை அதோடு சேர்ந்தது.

2011 அக்டோபர் 30 அன்று டெல்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் பந்தயம் நடந்தது. தொலைக்காட்சியிலும் நாளிதழ்களிலும் அதே பேச்சு. அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பில், "பெரியவர்களாகி என்ன ஆகப் போகிறீர்கள்?" என்று வழக்கம்போலக் கேட்டேன். போலீஸ், நர்ஸ், டீச்சர் என்று பதில்கள் வந்தன. கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்து, "பார்முலா ஒன் டிரைவர் சார்" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "முதல்ல உன் சைக்கிளுக்கு பிரேக் போடுப்பா" என்றேன். அவன் சைக்கிளில் பிரேக் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். இன்னும் பெரிய சிரிப்பு எழுந்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் அவன் எதற்கும் எழுந்திருக்கவில்லை. தை மாதத்தில் ஒருநாள் தன் மாமாவின் பைக்கை எடுத்துக்கொண்டு போய், வளைவில் விழுந்து, தோள் எலும்பை முறித்துக்கொண்டான். வீட்டுக்குப் பார்க்கப் போனேன். தலைமாட்டில் ஒரு நோட்டு இருந்தது. நாளிதழில் வெட்டிய கார் படங்களை ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் வேகமும் எடையும் எழுதியிருந்தான். கடைசிப் பக்கத்தில் சாலை வளைவு ஒன்றை வரைந்து, அதற்கு முன்னால் ஒரு கோடு போட்டு, கேள்விக்குறி இட்டிருந்தான். "வளைவுக்கு எவ்வளவு தூரம் முன்னாடி பிரேக் பிடிக்கணும்னு கணக்குப் போட்டேன் சார். சரியா வரல" என்றான்.

நண்பர்களே, அந்தக் கணக்கு ஒன்பதாம் வகுப்பு 'இயக்கம்' பாடத்தில் இருக்கிறது. அதை நடத்தியவன் நான். என்னிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவன் சாலையில் போய்ச் சோதித்துப் பார்த்திருக்கிறான். நான் சிரித்ததால் இழந்தது ஒரு பந்தய வீரனை என்று நான் சொல்ல வரவில்லை. கேள்வி கேட்கக்கூடிய ஒரு மாணவனை இழந்தேன்.

அன்று நான் சிரிக்காமல் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? "உன்னால் முடியும், முயற்சி திருவினையாக்கும்" என்று தட்டிக்கொடுப்பதும் போதாது. அதுவும் ஒரு வகையில் கேள்வியைத் தட்டிக்கழிப்பதுதான். உண்மையான பதிலைச் சொல்ல, அந்த உச்சிக்குப் போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு தேடிப் படித்தேன்.

பார்முலா ஒன் பந்தயத்தில் இதுவரை ஓட்டிய இந்தியர்கள் இருவர்தான். நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக். இருவருமே சென்னையில் பிறந்தவர்கள். நரேன் கோவையில் வளர்ந்தவர். இருவர் வீட்டிலும் மோட்டார் பந்தயம் இருந்தது. நரேனின் தந்தை ராலி வீரர். கருணின் தாத்தா இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். வசதியும் தொடர்பும் இருந்தன என்பதை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் மேல்படிகளில் ஓர் ஆண்டுச் செலவே பல கோடி ரூபாய்.

ஆனால் வசதி மட்டும் போதுமா? நரேனின் ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் பந்தயத் தளத்தில் ஓட்டத் தொடங்கியபோது அவருக்கு 15 வயது. 1992இல் பிரான்சில் உள்ள பந்தயப் பள்ளியில் பயிற்சி. 1994இல் பிரிட்டனில் பார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரில் பட்டம். 1996இல் பார்முலா ஆசியா பட்டம். பிறகு பிரிட்டிஷ் பார்முலா 3. 2001 ஜூனில் சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் அணியின் பார்முலா ஒன் காரைச் சோதனைக்காக ஓட்டினார். அப்படி ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். உடனே பந்தய இருக்கை கிடைத்துவிட்டதா? இல்லை. 2005 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில்தான், ஜோர்டன் அணிக்காக, முதல் பந்தயத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 28 வயது. முதல் படியில் இருந்து 13 ஆண்டுகள். அதில் கடைசி 4 ஆண்டுகள் வாசலில் நின்ற காலம்.

அதே 2005 ஜூனில் அமெரிக்கப் பந்தயம். டயர் பாதுகாப்பு குறித்த சிக்கலால் 14 கார்கள் விலகிக்கொண்டன. ஓடியவை 6 கார்கள் மட்டுமே. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். பார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் ஆனார். அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும். அந்த நாளிலும் பந்தயத்தைப் பிழையில்லாமல் ஓட்டி முடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு அவருக்குப் பந்தய இருக்கை இல்லை. வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநர் ஆனார். 2011இல் ஹெச்.ஆர்.டி. அணியில் திரும்பி வந்தார். பருவத்தின் நடுவில் அந்த இருக்கை வேறொருவருக்குப் போனது. நொய்டா பந்தயத்துக்கு மட்டும் மறுபடி கிடைத்தது. 17ஆம் இடத்தில் முடித்தார். என் மாணவன் தொலைக்காட்சியில் பார்த்தது அந்தப் பந்தயத்தைத்தான்.

இன்று பாதை இன்னும் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. சிறு வயதில் கார்ட்டிங். 15 வயது முதல் பார்முலா 4. பிறகு பார்முலா 3, பார்முலா 2. பார்முலா ஒன்னுக்கு 'சூப்பர் லைசென்ஸ்' வேண்டும். அதற்குப் பொதுவாக 18 வயது நிரம்ப வேண்டும், மூன்று பருவங்களில் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். 2026இல் அந்த உச்சியில் இருப்பவை 11 அணிகள், 22 இருக்கைகள். பெங்களூருவின் குஷ் மைனி இப்போது அந்த ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறார். 2025 மே மாதம் மொனாக்கோவில் பார்முலா 2 குறும்பந்தயத்தில் வென்றார்.

இந்த இளம் ஓட்டுநர்களின் மனப்போக்கில் நாம் கற்க ஒன்று இருக்கிறது. "பார்முலா ஒன்னுக்குப் போவேனா?" என்ற கேள்வியை வைத்துக்கொண்டு யாராலும் தினமும் உழைக்க முடியாது. அவர்கள் அதைச் சிறுசிறு கேள்விகளாக உடைத்துக்கொள்கிறார்கள். ஒரு சுற்றை மூன்று பகுதிகளாகப் பிரித்து நேரம் அளக்கிறார்கள். ஓட்டி முடித்ததும் பொறியாளரோடு உட்கார்ந்து, தன் அணித் தோழர் ஓட்டிய பதிவோடு ஒப்பிடுகிறார்கள். எந்த வளைவில் சீக்கிரம் பிரேக் பிடித்தேன், எந்த இடத்தில் நேரம் போனது என்று பார்க்கிறார்கள். 'நான் மோசமான ஓட்டுநர்' என்ற முடிவுக்கு அங்கே வேலை இல்லை. 'நாலாவது வளைவில் இழந்தேன்' என்பதுதான் பேச்சு.

நாம் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன செய்கிறோம்? 100க்கு 38 என்று கொடுக்கிறோம். அது முழுச் சுற்றின் நேரம் மட்டுமே. எந்த வளைவில் இழந்தான் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகளாக நான் ஒன்று செய்து பார்க்கிறேன். மதிப்பெண்ணுக்குக் கீழே மூன்று கட்டங்கள் போடச் சொல்கிறேன். கேள்வி புரியாமல் விட்டது, தெரிந்தும் தவறாக எழுதியது, படிக்காமல் விட்டது. இழந்த மதிப்பெண்களை மாணவர்களே இந்த மூன்றிலும் பிரித்து எழுதுவார்கள். '38' என்று தலைகுனிந்த பிள்ளை, "சார், 17 மார்க் அலகு எழுதாம, கணக்கைத் தப்பாப் போட்டதுல போச்சு" என்று வந்து சொல்கிறான். அடுத்த படி அவனுக்கே தெரிந்துவிடுகிறது.

இனி அந்தப் பிரேக் கணக்கு. மணிக்கு 40 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர். ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 11 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்தபின் ஒவ்வொரு நொடியும் வேகம் 5 மீட்டர் குறைவதாகக் கொண்டால் இன்னும் 12 மீட்டர். மொத்தம் 23. வேகத்தை 80 ஆக்குங்கள். முதல் நொடியில் 22 மீட்டர். பிறகு 49 மீட்டர். மொத்தம் 71. வேகம் இரண்டு மடங்கு ஆனால் பிரேக் தூரம் நான்கு மடங்கு ஆகிறது. விழுப்புரம்–திருவண்ணாமலைச் சாலையில் தினமும் வந்து போகிற நம் பிள்ளைகளுக்கு இதைவிட அவசியமான கணக்கு எது?

ஸ்கேல் ஒன்று போதும், வகுப்பிலேயே செய்யலாம். ஒரு மாணவன் ஸ்கேலை மேலே பிடித்திருந்து சொல்லாமல் விட வேண்டும். மற்றவன் விரல்களால் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. கீழே வந்தபின் பிடித்தால் அவன் எதிர்வினை நேரம் 0.2 நொடி. அதையே நண்பர்களோடு பேசிக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். எண் எப்படி ஏறுகிறது என்று அவர்களே பார்ப்பார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு நுங்கு வண்டி இருக்கிறது. நேராக ஓட்டச் சொல்லி, பிறகு வளைவில் வேகமாகவும் மெதுவாகவும் திருப்பச் சொல்லுங்கள். எப்போது கவிழ்கிறது என்று கேளுங்கள். பாடம் அங்கேயே வந்துவிடும்.

ஆபத்தையும் மறைக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில், எல்லாப் பாதுகாப்பு உடைகளோடும் ஓட்டிய 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். பந்தயத் தளத்திலேயே அப்படி என்றால், தலைக்கவசமில்லாமல் மூன்று பேர் போகும் பைக்கைப் பற்றி என்ன சொல்வது? 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. பந்தயப் பாதையைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மிரட்டலைவிட நன்றாக வேலை செய்கிறது.

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் பார்முலா 4 பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அதனால் இந்தக் கனவு இப்போது நம் வகுப்புகளில் முன்பைவிட அதிகம் கேட்கிறது. பெண் பிள்ளைகளும் சொல்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த 22 இருக்கைகளில் உட்காரப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு காரின் பின்னாலும் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். லூயிஸ் ஹாமில்டன் தொடங்கிய குழு 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிரிட்டனின் மோட்டார் விளையாட்டில் கறுப்பின மக்கள் ஏன் குறைவு என்று ஆராய்ந்த அந்த அறிக்கை, பள்ளியில் அறிவியலும் கணிதமும் எப்படிக் கிடைக்கின்றன, யார் கற்பிக்கிறார்கள் என்பது வரை போனது. ஏழு முறை உலகப் பட்டம் வென்றவர் காரணத்தைத் தேடி நம் வகுப்பறை வாசலுக்கு வந்திருக்கிறார்.

என் மாணவன் பாலிடெக்னிக் படித்து, இப்போது ஒரகடம் பக்கம் ஓர் ஆலையில் வேலை செய்கிறான். ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். அந்த வகுப்பைப் பற்றி நானே பேச்சை எடுத்து, "அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதுப்பா" என்றேன். "விடுங்க சார்" என்றான். அவன் மறந்துவிட்டானா என்று எனக்குத் தெரியாது. நான் மறக்கவில்லை.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை எட்டாத உயரம் ஒன்றைச் சொன்னால், சிரிக்கவும் வேண்டாம், உடனே கைதட்டவும் வேண்டாம். "அதுக்கு அடுத்த படி என்னன்னு தெரியுமா? வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு ஒரு கேள்வியோடு நம்மிடம் வரும். அதற்குத்தானே நாம் இருக்கிறோம்.