பாலர்க்குத் தாளம் படிப்பித்தல்

(நமது சங்கத்தின் ஆம்பூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு ஆகிய ஊர்களில் தோல் பதனிடுந் தொழிலால் பிழைக்குங் குடும்பங்கள் பல. மிருதங்கத்துக்கும் தோலே உயிர். பசு, ஆடு, எருமை இவற்றின் தோலின்றி அதற்கு நாதமில்லை. அதனைச் செய்வோரின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூல் விரித்துரைக்கின்றது. செய்த கை ஒன்று, மேடையிற் புகழ் பெற்ற கை மற்றொன்று என்பதே நெடுநாளைய நிலைமை.

நம்மவரிற் சிலர், பறையடித்தல் இழிவெனக் கருதிப் பிள்ளைகளைத் தாளத்தின் பக்கமே விடுவதில்லை. அவர்தம் மனப்புண்ணை அடியேன் அறிவேன். ஆயினும், விருப்பமில்லாதவனை வற்புறுத்திச் சாவு வீட்டில் அடிக்கச் செய்ததே இழிவு, தாளம் இழிவன்று. ஆதலின் தாளத்தைக் கைவிடுதல் பரிகாரமாகாது. அதனை எழுதவும் படிக்கவும் நம் பாலர்க்குக் கற்பித்தலே பரிகாரமாம்.

கற்பிக்கும் வரிசை யாதெனில், முதலில் வாய், பின்பு கை, அதன் பின்பே பலகை. முப்பத்தைந்து தாளங்களின் பெயர்களை முதல் நாளே நெட்டுருப் போடச் செய்தால் குழந்தைக்கு வெறுப்பே உண்டாகும். மூன்றுக்குத் 'தகிட', நான்குக்குத் 'தகதிமி', ஐந்துக்குத் 'தகதகிட', ஏழுக்குத் 'தகிட தகதிமி' எனச் சொல்லி விளையாடட்டும். ஹங்கேரி தேசத்து ஸோல்டான் கோடாய் (1882–1967) என்பாரின் பெயரால் வழங்கும் முறையிலும் பாலர் 'தா', 'தீ-தீ' என்று சொல்லியே கால அளவு கற்கின்றனர். நமக்கோ சொற்கட்டு பழைய சொத்து.

அடுத்து, ஆதி தாளத்தைக் கையாற் போடுக: ஒரு தட்டும் மூன்று விரலெண்ணிக்கையும் சேர்ந்தது லகு, தட்டும் வீச்சும் சேர்ந்தது துருதம். லகு ஒன்று, துருதம் இரண்டு, ஆக எட்டு அக்ஷரம். பலகையில் லகுவுக்கு நிற்கும் கோடு, துருதத்துக்கு வட்டம்.

அதன் பின், ஓர் எண்ணிக்கைக்கு ஓரெழுத்தாக 'த க தி மி' என எழுதிப் படிக்கச் செய்க. பிறகு 'க' என்பதை அழித்து அவ்விடத்தில் காற்புள்ளி இடுக: 'த , தி மி'. குழந்தை பெரும்பாலும் அவ்விடத்தைத் தாண்டி ஓடிவிடும். அதட்டாதீர்கள். விரல் எண்ணட்டும், வாய் நிற்கட்டும் என்று காட்டுங்கள். ஒலியாத அக்ஷரத்துக்கும் அளவுண்டு என்று குழந்தை கண்ட நாளே தாளம் படிக்கத் தொடங்கிய நாள்.

கேட்டுக் கற்றவன் ஆசிரியர் உள்ள மட்டும் கற்பான். படிக்கக் கற்றவனோ தானே கற்பான், தன் பாட்டன் அடித்த அடியையும் எழுதி வைப்பான். எழுதாத அடிகள் முதியவர்களோடு மறைந்து போகின்றன அன்றோ!

இதற்கு வாத்தியம் வாங்கப் பொருள் வேண்டா. ஒரு கரும்பலகை, சுண்ணக்கட்டி, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் போதும். ஆண், பெண் என்ற வேற்றுமையின்றி நம் மக்களை அனுப்புமாறு பெற்றோரை வேண்டி அமர்கின்றேன்.