பெற்றாரைப் பேணுவாரைப் பேணுவோம்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பெற்றாரைப் பேணுதல் பிள்ளைகளின் கடன் என்பதை இச்சபையிலே எடுத்துச் சொல்லுதல், கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். அம்மையப்பரை வலம்வந்து மாங்கனி பெற்ற பிள்ளையாரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே அதனை விடுத்து, பெற்றாரைப் பேணிக்கொண்டிருப்பவரை யார் பேணுவது என்னும் வினாவையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

பிள்ளையார் வலம்வந்தது ஒருமுறை. எழும்ப மாட்டாது படுக்கையிற் கிடக்கும் தாயை, உடம்பிற் புண் உண்டாகாதவாறு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும் என்று தாதிமார் சொல்லுவர். கணக்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 12 முறை. மாதமொன்றுக்கு 360 முறை. அவற்றுட் பல, ஊர் உறங்கும் வேளையில். இதனை எங்கள் ஊர் வீடுகளிலே ஒரு மகளோ, ஒரு மருமகளோ தன்னந்தனியாகச் செய்துவருகின்றாள்.

முன்னாளில் ஒரே வளவிலே பெரியம்மா, சின்னம்மா, மாமி என்று பல கைகள் இருந்தன. 1983 ஆம் ஆண்டின் பின் எங்கள் பிள்ளைகள் கனடா என்றும் லண்டன் என்றும் சிதறிப்போயினர். முதியோர் தொகையோ பெருகிற்று. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் 100 பேருக்கு 7 பேரிலும் குறைவு; 2012 ஆம் ஆண்டிலோ 12 பேருக்கு மேல். முதியோர் பெருக, தாங்கும் கைகள் குறைந்தன. எஞ்சிய இரு கைகளே எல்லாவற்றையும் தாங்குகின்றன.

இதைப் பேசும் தகுதி எனக்கு உண்டோ என்பது ஐயம். என் தந்தையார் பாரிசவாதத்தால் வீழ்ந்து நான்கு ஆண்டுகள் கிடந்தார். அவரைப் பார்த்தவள் என் தங்கை. நான் ஞாயிற்றுக்கிழமைகளிலே பழமும் பிஸ்கற்றும் கொண்டு போவேன். கதிரையில் இருந்தபடி, “ஐயாவுக்கு நேரத்துக்கு மருந்து குடுத்தனியோ?” என்று விசாரிப்பேன். ஒருநாள் அவள் கோபியாமற் சொன்னாள்: “அண்ணை, கேள்வி வேண்டாம். ரெண்டு மணித்தியாலம் ஐயாவோடை இருங்கோ. நான் கொஞ்சம் படுத்தெழும்புறன்.” அவள் நிலத்திற் பாய்கூட விரியாது உறங்கிப்போனாள். அதைக் கண்ட பின்னரே, நான் அதுவரை செய்தது உதவியன்று, மேற்பார்வை என்று உணர்ந்தேன்.

பெற்றாரைப் பேணும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குச் சில வார்த்தைகள். உதவி கேட்பது இழுக்கன்று. களைப்பினாற் கோபம் வந்துவிட்டால், நான் பாவி என்று மனம் நோகவேண்டாம். சற்று முற்றத்துக்குப் போய் மூச்செடுத்துத் திரும்புங்கள். உணவூட்டும்போது நிமிர்த்தி இருத்தி, சிறுகச் சிறுகக் கொடுங்கள். உண்டபின் அரைமணி நேரமாவது படுக்கவிடாதீர்கள். கட்டிலிலிருந்து மலசலகூடம் வரையும் இரவில் வெளிச்சம் இருக்கட்டும். வழுக்கும் கால்மிதியை எடுத்துவிட்டு, பிடித்தெழும்ப ஒரு கம்பியைச் சுவரிற் பொருத்துங்கள். மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரே தாளில் எழுதிக் கிளினிக் கொப்பியுடன் வையுங்கள். மறதி நோயுற்ற தாய், “நான் இன்னும் சாப்பிடேல்லை” என்றால் வழக்காடி வெல்லப் பார்க்காதீர்கள். ஒரு வாய் கொடுத்து வேறு கதைக்குத் திருப்புங்கள். முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை சோர்ந்து விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, எண்ணெய் தேய்த்துப் பொழுதைப் போக்காது உடனே 1990 என்னும் இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணமில்லை.

அரசாங்கமும் சில ஏற்பாடுகளைச் செய்துள்ளது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், பெற்றாரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்று பிள்ளைகளுக்கு விதிக்கின்றது. வாழ வழியற்ற முதியோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரி முறையிடுவதற்கு அச்சட்டத்தின்கீழ் ஒரு சபையும் உண்டு. 60 வயது நிரம்பியோர் முதியோர் அடையாள அட்டை பெறக் கிராம அலுவலரை நாடலாம். எனினும் சட்டம் பணத்தை வாங்கித் தரலாம். நடுச்சாமத்தில் ஒரு கையை வாங்கித் தரமாட்டாது.

பிறநாட்டில் வாழும் சகோதரர்க்கும் ஒன்று சொல்லுவேன். நீங்கள் அனுப்பும் பணம் பெரிது, அதனை மறப்பாரில்லை. ஆயினும் தொலைபேசியில் அழைக்கும்போது, “அம்மா எப்படி?” என்பதற்கு முன், “நீ நித்திரை கொண்டனியோ?” என்று கேளுங்கள். விடுமுறையில் வந்தால் விருந்தாளியாய் இராது, பத்து நாளாவது அப்பணியை முழுதாய் ஏற்று அவளை விடுவியுங்கள்.

இனி நம் சங்கத்தின் கடமை யாது? மூன்று காரியங்களை முன்மொழிகின்றேன். முதலாவது, இவ்வாறான வீடுகளை அறிந்து, வாரத்தில் ஒரு மாலை இரண்டு மணித்தியாலம் உறுப்பினர் இருவர் சென்று துணையிருத்தல். பெண் நோயாளர் உள்ள வீடுகளுக்கு நம் பெண் உறுப்பினர் செல்வார்களாக. இரண்டாவது, கிளினிக் நாளிலே விடியற்காலை போய் இலக்கம் எடுத்து, வாகனமும் ஒழுங்கு செய்தல். மூன்றாவது, சக்கர நாற்காலி, நடைச் சட்டம், காற்று மெத்தை முதலியவற்றைச் சங்கம் வாங்கி, வேண்டியோர்க்கு இரவலாகக் கொடுத்தல். ஒரு வீட்டில் தேவை முடிந்தபின் மூலையிற் கிடக்கும் பொருள், மற்றொரு வீட்டுக்குப் பேருதவியாகும்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் நடக்கையிலே, ஒருநாளேனும் கும்பிடப் போகமுடியவில்லையே என்று அழுத ஒரு தாயை நான் அறிவேன். அவளுக்குப் பண்டரிபுரத்துப் புண்டரீகனின் கதையைச் சொன்னேன். பெற்றாருக்குத் தொண்டு செய்துகொண்டிருந்த வேளையிலே பகவான் வாயிலில் வந்து நின்றார். புண்டரீகன் தொண்டை நிறுத்தவில்லை. ஒரு செங்கல்லை எறிந்து, அதன்மேற் சற்றே நிற்கும்படி வேண்டினான். பகவானும் கோபியாது நின்றார்; இன்றும் அக்கோயிலில் அவர் செங்கல்லின் மேலேயே நிற்கின்றார். ஆகவே, தாயே, கோயிலுக்குப் போகாமையால் நீ குறைந்தாய் அல்லை என்றேன்.

ஆனால், நண்பர்களே, இக்கதையைச் சொல்லிவிட்டு நாம் மட்டும் தேர் பார்க்கப் போய்விட்டாற் போதுமோ? அடுத்த தேருக்கு அவள் போகட்டும். அந்த வீட்டு வாயிலிலே நம் துவிச்சக்கரவண்டி நிற்கட்டும். அவள் திரும்பி வரும்வரை அந்தக் கட்டிலருகே நாம் இருப்போம். இன்று கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் பெயர் கொடுப்பவருள் முதற்பெயர் என்னுடையது.