ஓக்கியும் தோட்டக்காட்டானும்

(போயா தினத்தன்று கொட்டாஞ்சேனையில், கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர், யுவதிகள் மத்தியில் ஆற்றிய உரை)



கிடைத்த ஒரு லீவு நாளில் தூங்காமல் வந்திருக்கிறீர்கள். வெள்ளவத்தையிலிருந்து பஸ் மாறி வந்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

போன தவணையில் எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் அமெரிக்க நாவலைச் சொன்னோம். அது பாடத்திட்டத்தில் இல்லாதது. ஜோன் ஸ்டைன்பெக் 1939இல் வெளியிட்ட 'த கிரேப்ஸ் ஒஃப் ராத்'. தமிழில் சொன்னால் 'கோபத்தின் திராட்சைகள்'. கையில் இருந்தது ஆங்கிலப் புத்தகம். இரவில் நாங்கள் வாசித்து, மறுநாள் கடைசிப் பாடவேளையில் தமிழில் கதையாகச் சொல்வோம். வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரும் தாங்கள் நினைத்ததை அரைத் தாளில் எழுதித் தர வேண்டும். பரீட்சை இல்லை, புள்ளியும் இல்லை என்றதும் பிள்ளைகள் எழுதிய எழுத்தே வேறு. அந்தத் தாள்கள்தான் இன்றைய பேச்சு.

கதை இதுதான். ஒக்லஹோமா மாநிலத்தில் ஜோட் என்ற குத்தகை விவசாயக் குடும்பம். மழை பொய்த்து மண் புழுதியாகப் பறக்கிறது. நிலம் வங்கியிடம் போகிறது. ட்ராக்டர் வந்து வீட்டையே இடித்துத் தள்ளுகிறது. கலிபோர்னியாவில் பழம் பறிக்க ஆள் தேவை, நல்ல சம்பளம் என்று அச்சடித்த நோட்டீஸ் ஒன்று கையில் கிடைக்கிறது. பழைய லொறி ஒன்றில் பாட்டன் பாட்டி முதல் குழந்தைகள் வரை ஏறிப் புறப்படுகிறார்கள். பாட்டன் வழியிலேயே சாகிறார், பாட்டியும் போய்ச்சேருகிறாள். போய் இறங்கினால் கொஞ்சப் பேருக்கு வேலை இருக்கிற இடத்தில் ஆயிரமாயிரம் பேர் நிற்கிறார்கள். நோட்டீஸை அத்தனை பேருக்கும் அடித்துக் கொடுத்ததே கூலியைக் குறைக்கத்தான்.

இந்த இடத்தில் ஒரு மாணவி எழுதினாள்: "எங்கள் பூட்டிக்கும் இதே நோட்டீஸைத்தான் கங்காணி வாயால் சொன்னார்." கோகிலம் சுப்பையா 1964இல் எழுதிய நாவலுக்கு 'தூரத்துப் பச்சை' என்று ஏன் பெயர் வைத்தார் என்பதை நாங்கள் விளக்கத் தேவையே இருக்கவில்லை. 'பரதேசி' படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதற்கு அடிப்படையான 'எரியும் பனிக்காடு' நாவலை முதலில் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்று எழுதிய பி.எச். டேனியல், வால்பாறைப் பக்கத் தோட்டங்களில் டாக்டராக இருந்தவர். டாக்டர் எழுதினாலும் ஆசிரியர் எழுதினாலும், கேட்டுப் பார்க்காமல் எழுதியது நிற்காது. ஸ்டைன்பெக்கும் 1936இல் பத்திரிகைக்கு எழுதுவதற்காக அந்த முகாம்களுக்குள் போய்த் திரிந்தவர். நம் பக்கம் கோதண்டராம நடேசய்யர், வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேஷத்தில் லயம் லயமாகப் போனார். பிறகு 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்றே சங்கம் அமைத்தார்.

இனி ஒரு டொலர் கணக்கு. ஒரு பீச் தோட்டத்தில் ஜோட் குடும்பத்துக்கு வேலை கிடைக்கிறது. பெட்டிக்கு ஐந்து சதம். முதலில் பறித்ததைக் கணக்கெடுப்பவர் பார்க்கிறார். பழம் அடிபட்டிருக்கிறது, செல்லாது என்கிறார். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரே சத்தம். "சார், தண்ணிக்குக் கழிக்கிறது, சாக்குக்குக் கழிக்கிறது, முத்தல் இலைக்குக் கழிக்கிறது!" கிலோ குறைந்தால் அரைப்பேர் என்பது அம்மாமார் தினமும் வீட்டுக்குக் கொண்டுவரும் சொல்.

குடும்பம் முழுதும் சேர்ந்து பறித்து ஒரு டொலருக்குக் கணக்கு ஆகிறது. இருபது பெட்டி. அம்மா அந்தக் கணக்கை எழுதிய துண்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கடைக்குப் போகிறாள். அங்கே எல்லாச் சாமானும் டவுன் விலையைவிடக் கூட. டவுனுக்குப் போகவோ பெட்ரோல் இல்லை. இறைச்சி, பாண், உருளைக்கிழங்கு, கோப்பி வாங்கியதும் டொலர் முடிந்துவிடுகிறது. சீனி வாங்கக் காசில்லை. கடனும் கொடுக்கக்கூடாது என்று கட்டளை. கடையில் நிற்கிற பையன், அவனும் கூலிக்குத்தான் நிற்கிறான், தன் சட்டைப்பையிலிருந்து பத்துச் சதம் எடுத்துப் போட்டுச் சீனியைக் கொடுக்கிறான். உதவி வேண்டுமென்றால் இல்லாதவனிடம்தான் போக வேண்டும் என்பது அவள் படித்த பாடம்.

கடையில் நிற்கிற தம்பிமாரே, இது உங்கள் கதை. உங்களில் எத்தனை பேர் ஊரிலிருந்து வந்த ஒருவருக்காக உங்கள் சம்பளக் கணக்கில் எழுதிச் சாமான் கொடுத்திருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

அந்தத் தோட்டத்தின் வாசலில் பொலிஸ் நிற்கிறது, வெளியே ஒரு கூட்டம் கத்துகிறது. ஏன் என்று ஜோட் குடும்பத்துக்குத் தெரியாது. இரவில் மகன் டொம் வேலியைக் கடந்து போய்ப் பார்க்கிறான். அங்கே இருப்பது கேசி, பழைய ஊழியக்காரர், அவர்கள் கூடவே பயணம் வந்தவர். பெட்டிக்கு இரண்டரைச் சதம்தான் என்று குறைத்ததால் வேலைநிறுத்தம் நடக்கிறது, அதை உடைக்கத்தான் உங்களுக்கு ஐந்து சதம் தருகிறார்கள் என்கிறார். அன்றிரவே கேசியை அடித்துக் கொல்கிறார்கள். மறுநாள் கூலி இரண்டரைச் சதம்.

ஜோட் குடும்பம் கருங்காலியா? இரண்டு பாடவேளை சண்டை நடந்தது. ஒரு பையன் "தெரியாமல் செய்தாலும் கருங்காலிதான்" என்று எழுதினான். இன்னொருத்தி "பிள்ளைக்குச் சோறு இல்லாதவளிடம் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வராது" என்று எழுதினாள். எங்கள் மனம் அவள் பக்கம்தான். ஆனால் சங்கக்காரர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். வாசலில் நின்றவர்கள் உள்ளே போகிறவர்களிடம் முதல் நாளே பேச வழி தேடியிருக்க வேண்டும். ஒரே தோட்டத்தில் மூன்று கொடி பறக்க, பக்கத்துக் கொடிக்காரனோடு பிரட்டுக்களத்தில் பேசாமல் நிற்கிற நமக்கு அந்தக் குறை நன்றாகவே தெரியும்.

இதற்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. ஹவ்லொக் சிட்டி மாடிகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கேதான் வெள்ளவத்தை நூல் நெசவு ஆலை இருந்தது. 1933இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம். மலையாளிகளும் சிங்களவரும் சேர்ந்து வேலை செய்த ஆலை அது. கொல்வின் ஆர். டி சில்வா முதலான இளம் இடதுசாரிகள் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். கொழும்பின் பெயர்பெற்ற தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்க எதிர்ப்பக்கம் நின்றார். அதே பத்தாண்டில் மலையாளித் தொழிலாளருக்கு எதிரான பிரசாரத்திலும் இறங்கினார். சங்கம் வைத்தவரே அப்படிப் போனார் என்பதை நாங்கள் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொன்னோம். 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாவில் கோவிந்தன் சுடப்பட்டது, இந்த நாவல் வந்து ஒரு வருடம் ஆகுமுன்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு தாள். கலிபோர்னியாவில் வந்திறங்கிய இவர்களை 'ஓக்கி' என்று அழைத்தார்கள். ஒக்லஹோமாக்காரன் என்பதன் சுருக்கம்தான். ஆனால் அது வசையாக மாறியது: அழுக்கன், திருடன், படிக்காதவன். அந்த மாணவி எழுதியது: "சார், இவங்க வெள்ளைக்காரங்க. அங்க உள்ளவங்க பேசுற அதே இங்கிலீஷ்தான் பேசுறாங்க. அதே கோயிலுக்குத்தான் போறாங்க. பிறகு ஏன்?"

அவளுடைய அக்கா வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். எந்த ஊர் என்று கேட்டால் 'நுவரெலியா' என்று மட்டும் சொல்வாளாம். ஒருமுறை தோட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டாள். கேட்ட அம்மா சிரித்துக்கொண்டே 'அட, தோட்டக்காட்டுப் பிள்ளையா, பார்த்தால் தெரியவில்லையே' என்றாராம். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார். தமிழில்தான் சொன்னார்.

இதைச் சிங்களவர் சொல்லியிருந்தால் நாம் மேடை போட்டிருப்போம். நம் மொழி பேசுகிறவர் சொன்னால் வாயை மூடிக்கொள்கிறோம். மொழி ஒன்றாக இருப்பதால் கூலி வாங்குகிறவனும் கொடுக்கிறவனும் ஒன்றாகிவிடுவதில்லை என்பதை அந்தப் பதினேழு வயதுப் பிள்ளை ஒக்லஹோமாக்காரரைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். நாங்கள் வகுப்பில் அவளுக்குச் சரியான பதில் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது என்று தப்பினோம். அதனால்தான் இன்று இங்கே சொல்கிறோம்.

வேறு ஒரு நாவலைப் பற்றிச் சுருக்கமாக. அப்டன் சின்க்ளயர் 1906இல் எழுதிய 'த ஜங்கிள்', சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளில் வேலை செய்த லித்துவேனியக் குடும்பத்தின் கதை. தொழிலாளியின் பாட்டைச் சொல்ல எழுதினார். வாசித்தவர்கள் தாங்கள் தின்னும் இறைச்சி சுத்தமா என்று பதறினார்கள். அதே ஆண்டு ஜூனில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது. தொழிலாளிக்கு அந்தச் சட்டத்தில் ஒன்றுமில்லை. "நம்ம தேயிலையைப் பற்றி எழுதினாலும் தூளில் மருந்து இருக்கா என்றுதான் கேட்பார்கள்" என்று ஒரு பையன் எழுதினான். மருந்து அடிக்கிறவர் அவனுடைய அப்பா.

சட்டம் என்றதும் இதையும் கேளுங்கள். அமெரிக்காவில் 1935இல் சங்கம் சேரும் உரிமைக்குப் பெரிய சட்டம் வந்தபோது தோட்ட, வயல் தொழிலாளரையும் வீட்டு வேலைக்காரரையும் வெளியே விட்டுவிட்டார்கள். இங்கேயும் வீட்டு வேலை செய்கிற தங்கச்சிமார் ஊழியர் சேமலாப நிதிக்கு வெளியேதான் நிற்கிறார்கள். அதற்காகப் போராட வேண்டியிருக்கிறது. ஆனால் கடையில் நிற்கிறவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. வாரத்துக்கு 45 மணித்தியாலம், வாரத்தில் சம்பளத்தோடு ஒன்றரை நாள் லீவு, நியமனக் கடிதம். சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடித்தால் முதலாளி 12 வீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். இங்கே நியமனக் கடிதம் கையில் உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்டோம். நீங்களே சுற்றிப் பார்த்தீர்கள்.

அடுத்த போயாவுக்கு சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' நாவலைக் கொண்டுவருகிறோம். மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். மறு வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. வேலை போனால் காம்பிராவும் போகும் என்பதை அவரைவிட யாரும் சொல்லத் தேவையில்லை. நாவலைக் கேட்டு முடிந்ததும், ஆலை இருந்த இடத்தை நடந்துபோய்ப் பார்ப்போம் என்று வெள்ளவத்தைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். போவோம். வரும்போது சம்பளச் சீட்டு இருந்தால் கொண்டுவாருங்கள். சீட்டே தருவதில்லை என்றால், வேலைக்குச் சேர்ந்த திகதியையும் மாதம் கையில் தருகிற காசையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.