“அது உன் வேலையா?”

பட்டம் பெறும் பிள்ளைகளே, என் பதவிகளை வரிசையாக வாசித்தார்கள். அவற்றின் சாரம் ஒன்றுதான். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிளான்ட் குவாரன்டைன் வேலையில் இருந்தேன். வெளிநாட்டுச் சரக்கோடு பூச்சியும் நோயும் நாட்டுக்குள் நுழைகின்றனவா என்று பார்ப்பது என் தொழில்.

நான் இதே காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துக் குழித்தறி வீட்டில் பிறந்தவன். அப்பா தறியில் உட்கார, சேலையின் உடலோடு கரையைக் கோத்து நெய்யும் கோர்வைக்குக் கரைநாடா தள்ளிக்கொடுக்கும் பையனாக எட்டு வயது முதல் பக்கத்தில் உட்கார்ந்தேன். தறிக்கான நீளவாட்டு இழைகளைத் தெருவில் விரித்துப் பாவு போடும் காலைகளில் அம்மா பாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெல்ல நடப்பாள். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்திருந்தால் அவள் கண் அங்கே நின்றுவிடும். அந்த நடையை இன்று உங்களுக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

பட்டுக்கும் என் தொழிலுக்கும் உள்ள உறவை முதலில் சொல்கிறேன். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மரங்களில் வெள்ளை வெள்ளையாக ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. அதன் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். எந்தச் சரக்கோடு, எந்தச் செடியோடு வந்ததென்று யாரும் பார்க்கவில்லை. பப்பாளியோடு அது நிற்கவில்லை. மரவள்ளிக்குப் போயிற்று, செம்பருத்திக்குப் போயிற்று, கடைசியில் மல்பெரித் தோட்டத்துக்குள் நுழைந்தது. மல்பெரி இலை இல்லாவிட்டால் பட்டுப்புழு இல்லை. புழு இல்லாவிட்டால் கூடு இல்லை. கூடு இல்லாவிட்டால் நம் தறியில் பாவு ஏது? மருந்து அடித்தார்கள். மாவுப் பூச்சுக்கு உள்ளே மருந்து இறங்கவில்லை. மேற்கு மாவட்டங்களில் மல்பெரியை வேரோடு பிடுங்கிப் போட்ட விவசாயிகளை நானே பார்த்திருக்கிறேன்.

அதை அடக்கியது ஒரு குளவி. கடுகைவிடச் சிறியது, பெயர் அசிரோபேகஸ் பப்பாயே. 2010-இல் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்கு அதைக் கொண்டுவந்தார்கள். அந்தக் குளவியும் வெளிநாட்டுச் சரக்குதான், உயிருள்ள சரக்கு. அதனால் இறக்குமதி அனுமதி வாங்கி, பூட்டிய ஆய்வுக்கூடத்தில் வைத்து, வேறு நல்ல பூச்சிகளைத் தாக்குமா, பட்டுப்புழுவுக்குக் கேடு செய்யுமா என்று சோதித்த பிறகே தோட்டத்தில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி ஒடுங்கியது. ஐந்தாண்டுகளில் இதனால் நாட்டுக்குக் கிடைத்த நன்மை 50 கோடி டாலருக்கும் மேல் என்று ஆய்வாளர்கள் பிறகு கணக்கிட்டார்கள்.

பாருங்கள், யாரும் கவனிக்காமல் ஒன்று உள்ளே வந்தது. பயிற்சி பெற்ற கைகள் வழியாக இன்னொன்று வந்தது. முதலாவது தோட்டங்களை அழித்தது, இரண்டாவது அவற்றை மீட்டது. இரண்டும் கடல் கடந்து வந்தவைதான். பத்தாண்டு கழித்து, 2020-இல், மரவள்ளியைத் தாக்கும் வேறொரு மாவுப்பூச்சி கேரளத்தில் தெரிந்து தமிழ்நாட்டுக்கும் பரவியது. அதற்கான குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்து, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது. ஒவ்வொரு முறையும் நமக்கு ஒரு குளவி கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. வாசலில் பிடிப்பதுதான் மலிவு.

இப்போது நான் எல்லா மேடையிலும் சொல்லும் கதைக்கு வருகிறேன். உங்கள் பேராசிரியர்களில் சிலர் முன்பே கேட்டிருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள், இது எனக்குப் பெரிய கதை.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு. சென்னைக்கு வெளியே ஒரு கன்டெய்னர் கிடங்கு. ஓர் இயந்திரம் மரச்சட்டப் பெட்டியில் வந்திருந்தது. மரத்தில் முத்திரை இருந்தது. அந்த முத்திரையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: ஒரு கதிர் படம், பக்கத்தில் இரண்டெழுத்தில் நாட்டின் குறி, உற்பத்தியாளர் எண், அதற்குப் பிறகு ஹெச்.டி. அல்லது எம்.பி. என்ற எழுத்து. ஹெச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூடு, தொடர்ந்து 30 நிமிடம் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். எம்.பி. என்றால் மீதைல் புரோமைடு வாயு. 1996-இல் நியூயார்க்கின் புரூக்ளினில், சீனாவிலிருந்து பெட்டி மரத்தோடு வந்த நீளக்கொம்பு வண்டு சாலையோர மேப்பிள் மரங்களைக் குடைந்து, ஆயிரக்கணக்கில் மரங்களை வெட்டவைத்தது. அந்தப் பாடத்துக்குப் பிறகு 2002-இல் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட முத்திரை அது.

முத்திரை சரி. காகிதங்கள் சரி. நான் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். கதவருகே நின்ற லோடுமேன் ஒருவர், நாள்கூலிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், “சார், பெட்டி மாவு கொட்டுது” என்றார். குனிந்து பார்த்தேன். பெட்டியின் காலடியில் ஒரு தேக்கரண்டி அளவுக்குப் புதிய மரத்தூள், வெளுப்பாக. மேலே ஒரு துளை, பென்சில் முனை நுழையும் அளவு. நான் நிமிர்வதற்குள் அவர் கன்டெய்னர் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டார். “ஏன் சாத்தினீங்க, அண்ணே?” என்றேன். “உள்ள உசிரோட இருந்தா வெளிய பறந்துடுமே சார். பின்னாடி மாந்தோப்பு இருக்குல்ல” என்றார்.

பிள்ளைகளே, கதவைச் சாத்து, சரக்கை அசைக்காதே, அதிகாரிக்குச் சொல் என்பதுதான் உலகெங்கும் இந்தப் பயிற்சியின் முதல் பாடம். யாரும் கற்றுத்தராமல் அந்த மனிதர் அதைச் செய்தார். நாங்கள் அந்த மரத்தைப் பிளந்தபோது உயிருள்ள புழுக்கள் இருந்தன. கன்டெய்னருக்கு மருந்துப் புகை போட்டோம், மரத்தை எரித்தோம், அனுப்பிய நாட்டுக்கு எழுதினோம். எல்லாம் முறைப்படி நடந்தது.

முறைப்படி நடக்காத ஒன்றும் அன்று நடந்தது. கிடங்கு மேற்பார்வையாளர் ஓடிவந்து, நாலு பேர் முன்னால் அந்த லோடுமேனைப் பார்த்து, “யோவ், அது உன் வேலையா? சரக்கு ரெண்டு நாள் நின்னா யார் வாடகை கட்டுறது?” என்று கத்தினார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் வாய் திறக்கவில்லை. அவர் செய்தது என் வேலையை. என் கையெழுத்தை அவர் காப்பாற்றியிருந்தார். ஒரு வார்த்தை நான் அவருக்காகப் பேசவில்லை. அடுத்த வாரம் போனபோது அவர் அங்கே இல்லை. வேறு கிடங்குக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த வெட்கம் இன்னும் என்னோடு இருக்கிறது. அதைச் சொல்லித்தான் இந்த உரையின் மையத்துக்கு வர முடியும்.

பயிற்சியும் அங்கீகாரமும் எதற்கு? பூச்சியைத் தெரிந்துகொள்ள மட்டும் என்றால் ஒரு சுவரொட்டி போதும். சான்றிதழ் என்பது ஒரு தொழிலாளியின் கையில், “ஆமாம், இது என் வேலைதான்” என்று எழுதிக்கொடுப்பது. நிறுத்துங்கள் என்று சொல்லும் அதிகாரத்தை அவருக்குக் கொடுப்பது. அந்த அதிகாரம் இல்லாத கண் எதைப் பார்த்தாலும் வாய் பேசாது.

நம் நாடு இதில் பாதி தூரம் வந்திருக்கிறது. 1906-லேயே மெக்சிகோ பஞ்சு வண்டுக்கு அஞ்சி, பம்பாய்த் துறைமுகத்தில் இறக்குமதிப் பருத்திக்குப் புகை போட ஆணை பிறந்தது. 1914-இல் அழிவு செய்யும் பூச்சிகள் சட்டம் வந்தது. இன்று நடப்பில் இருப்பது 2003-ஆம் ஆண்டின் பிளான்ட் குவாரன்டைன் ஆணை. சரக்குக்கு மருந்துப் புகை போடும் தொழிலில் மேற்பார்வையாளராக வேண்டுமானால் வேளாண் பட்டமோ, வேதியியலை ஒரு பாடமாகப் படித்த அறிவியல் பட்டமோ கேட்கிறது சட்டம். அதற்கு மேல் குறைந்தது 15 நாள் பயிற்சிச் சான்றும் வேண்டும். ஹைதராபாத்தில் தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனம் அந்தப் பயிற்சியைத் தருகிறது. மீதைல் புரோமைடு போடும் நிறுவனத்தை ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய பயிர்ப் பாதுகாப்பு இயக்ககம் தணிக்கை செய்து அங்கீகரிக்கிறது. வேதியியல் படித்த பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இது நல்ல தொழில், நாட்டுக்குத் தேவையான தொழில்.

இவ்வளவு கெடுபிடி ஏன்? மீதைல் புரோமைடுக்கு நிறம் கிடையாது, மணமும் தெரியாது. காற்றைவிட மூன்று மடங்கு கனம், தாழ்வான இடத்தில் போய்த் தங்கும். மரத்துக்கு ஒரு கன மீட்டருக்கு 48 கிராம், 24 மணி நேரம் என்பது வழக்கமான அளவு. அளவு குறைந்தால் புழு பிழைக்கும். காற்றோட்டம் விடாமல், மீட்டர் வைத்து அளக்காமல் கதவைத் திறந்தால் மனிதர் விழுவார். பூச்சியிடமிருந்து நாட்டைக் காப்பதும், வாயுவிடமிருந்து தொழிலாளியைக் காப்பதும் ஒரே பயிற்சியின் இரண்டு பக்கங்கள்.

மீதிப் பாதி என்ன? புகை போடுபவருக்குப் பயிற்சி கட்டாயம். கதவைத் திறந்து சரக்கை இறக்கும் கைக்கு அப்படி ஒன்று இல்லை. ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2015-இல் அவர்கள் இயற்றிய உயிரிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், கட்டுப்பாட்டுச் சரக்கு வரும் அங்கீகாரம் பெற்ற தனியார் கிடங்கில் பயிற்சி முடித்துச் சான்று பெற்ற ஆள் இருந்தாக வேண்டும். பூச்சியை, மண்ணை, விதையை அடையாளம் காணவும், கண்டால் யாரிடம் சொல்வதென்றும் அவருக்குத் தெரியும். அவர்கள் மிகவும் அஞ்சும் பூச்சிகளில் ஒன்று, சேமித்த தானியத்தைத் தின்னும் நம் நாட்டுக் கப்ரா வண்டு. நாம் அனுப்பும் அரிசிக்கும் பருப்புக்கும் அவர்கள் அவ்வளவு கவனமாக ஆள் வைக்கிறார்கள். நமக்கு வரும் சரக்குக்கு நாம் வைக்க வேண்டாமா?

இது சென்னைத் துறைமுகத்துக் கவலை, இந்தச் செவிலிமேட்டுக்கு என்ன என்று நினைக்காதீர்கள். துறைமுகத்தில் சீல் வைத்த பல கன்டெய்னர்கள் முதன்முதலாகத் திறக்கப்படுவது இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும்தான். உங்களில் பலர் அங்கேதான் வேலைக்குப் போகப்போகிறீர்கள். வணிகவியல் படித்தவர் சுங்க முகவர் அலுவலகத்தில் தாள் பார்ப்பார். உயிரியல் படித்தவர் தரச் சோதனையில் இருப்பார். இன்னும் சிலர் கிடங்குப் பொறுப்பில். பெட்டியின் காலடித் தூள் முதலில் விழுவது உங்கள் தரையில்.

கண்டால் மட்டும் போதாது, எழுதிவைக்கவும் வேண்டும். என் கல்லூரி நாள் ஒன்று நினைவுக்கு வருகிறது. கோயம்புத்தூரில் பூச்சியியல் வகுப்புக்கு ஒவ்வொருவரும் ஒரு பூச்சிப்பெட்டி செய்து கொடுக்க வேண்டும். நான் அறுபது பூச்சிகளை அழகாக ஊசி குத்தி வைத்தேன். ஆசிரியர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மதிப்பெண் போடாமல் திருப்பித் தந்தார். சீட்டில் பெயர் மட்டும் இருந்தது. பிடித்த இடமும் தேதியும் இல்லை. “இடமும் தேதியும் இல்லாத பூச்சி குப்பைக்குச் சமம், தம்பி” என்றார். அன்றிரவு விடுதியில் நான் அழுதேன். பின்னாளில் என் தொழில் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் நின்றது. எங்கே பார்த்தோம், என்றைக்குப் பார்த்தோம் என்று எழுதிவைக்காத கவனம் யாருக்கும் பயன்படாது.

சரக்கு சுமப்பவரைச் சிறியவராக நினைக்காதீர்கள். இந்த ஊரில் சாலைக் கிணறு இருக்கிறது. இராமானுசர் நாள்தோறும் அங்கிருந்து நீர் சுமந்துபோய் வரதராசப் பெருமாளுக்குக் கொடுத்தார் என்று வைணவ மரபு சொல்கிறது. அவ்வளவு பெரிய ஞானி அந்தச் சுமையைத் தன் வேலையாக ஏற்றார். சுமப்பவரின் கையை மதிக்கும் ஊர் இது.

ஆகவே உங்களிடம் இரண்டு கேட்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், உங்கள் கிடங்கில் சரக்கு இறக்குபவர்களை உட்காரவைத்து அந்த முத்திரையைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். தூள், துளை, மண், உயிருள்ள பூச்சி எதைக் கண்டாலும் கதவைச் சாத்தி யாரை அழைக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் கதவருகே எழுதி ஒட்டுங்கள். அரை நாள் போதும். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, அவர்களில் ஒருவர் “சார், மாவு கொட்டுது” என்று சொல்லும் நாள் வரும். அன்று யாராவது “அது உன் வேலையா?” என்று கேட்டால், அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். நான் நிற்கவில்லை.

பாவில் அறுந்த இழையைக் கண்ட இடத்திலேயே அம்மா நின்றுவிடுவாள் என்றேன் அல்லவா? நின்று, அங்கேயே முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். தறிக்குப் போகட்டும், நெய்கிறவர் பார்த்துக்கொள்வார் என்று ஒருநாளும் அவள் விட்டதில்லை.