நூலகர் அவையில் சிற்றுரை

கல்யாண வீட்டில் வாழ்த்துரை வழங்க எழுந்தவர், பந்தியில் பரிமாறிய சோறு ஆறும்வரை பேசிய கதையை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். நீட்டிப் பேசுவது நமக்குக் கைவந்த கலை. சுருக்கிப் பேசுவதை நமக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. ஆகவே, அந்தச் சுருக்கத்தைப் பற்றி இன்று சிறிது பேசலாம் என எண்ணுகிறேன். அதிலும் குறிப்பாக, கல்லூரிகளில் மாணவர்களுக்கு நூலகத்தைப் பயன்படுத்தக் கற்பிக்கும் நூலகர்கள், தங்கள் மாநாடுகளில் நிகழ்த்தும் சிற்றுரைகளைப் பற்றியே கூற விரும்புகிறேன்.

மாநாடு என்றால் தலைமையுரை உண்டு. ஆய்வுக் கட்டுரை படித்தல் உண்டு. இவற்றோடு, ஒருவருக்கு ஐந்து நிமிடம் அல்லது ஏழு நிமிடம் என வரையறுத்து, நேரம் முடிந்ததும் மணி அடித்து அமரச் செய்யும் அரங்கும் இந்நாளில் இடம் பெறுகிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கூடிய கணினி வல்லுநர் சிலர், ஐந்து நிமிட உரைகளுக்கு 'மின்னல் உரை' எனப் பொருள்படும் பெயரை இட்டனர். 2003இல் டோக்கியோவில், இருபது படங்களை ஒவ்வொன்றும் இருபது விநாடி காட்டிப் பேசி முடிக்கும் முறை பிறந்தது. 2008இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக் கழகம், ஆராய்ச்சி மாணவர் தம் ஆய்வு முழுவதையும் மூன்றே நிமிடங்களில் விளக்கும் போட்டியைத் தொடங்கிற்று. நூலகர்களும் இவ்வழக்கத்தை மேற்கொண்டனர். கற்பிக்கும் நூலகர்களுக்கெனத் தனி மாநாடு கூட்டும் வழக்கமோ இவற்றுக்கெல்லாம் முந்தியது. 1971ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கிழக்கு மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் அத்தகைய மாநாடு ஒன்று கூடியது.

இது மேலைநாட்டுச் சரக்கு என்று எவரும் நினைக்க வேண்டுவதில்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் அவர்கள், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக் கழக நூலகர் பொறுப்பை ஏற்றார். புதிதாகக் கல்லூரிக்கு வரும் மாணவனை நூலகத்துக்கு அறிமுகப்படுத்துவது நூலகரின் கடமைகளுள் ஒன்று என அவர் வகுத்தார். அதற்குத் தனிப் பெயரும் சூட்டினார். நூலகத் தொழிலின் அடிப்படைகளைச் சிலவாகத் திரட்ட அவர் முயன்று திகைத்த வேளையில், அவருடைய கணித ஆசிரியர் எட்வர்ட் ராஸ் ஒரு சிறு வாக்கியத்தைச் சொன்னார். நூல் பூட்டி வைப்பதற்கன்று, எடுத்துப் பயன்கொள்வதற்கே என்பது அதன் கருத்து. அதுவே முதல் விதியாயிற்று. ஏனைய நான்கும் அதனைத் தொடர்ந்தன. 1931இல் வெளியான அவருடைய நூல் அந்த ஐந்து விதிகளின் விரிவே ஆகும். உலகெங்கும் நூலகர் கற்கும் சாத்திரம் ஒன்று, ஒரு மூச்சில் சொல்லக்கூடிய வாக்கியத்திலிருந்து தொடங்கியது என்றால், சுருக்கத்தின் ஆற்றலுக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

நான் நெடுங்காலம் பணியாற்றியது மாட்டுங்காவில். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பூக்கடைகளும் வாழையிலைக் கட்டுகளும் காப்பிப் பொடியின் மணமும் நம்மவர் வாழ்வை நினைவூட்டும். அதே ஊர் ஒரு கல்வி நகரமும் ஆகும். 1887இல் தோன்றி 1923இல் மாட்டுங்காவுக்கு வந்த தொழில்நுட்பக் கல்லூரி, 1933இல் பம்பாய்ப் பல்கலைக் கழகத் துறையாகத் தொடங்கிப் பின் தனி நிறுவனமாக வளர்ந்த இரசாயனத் தொழில்நுட்பக் கழகம், 1937இல் எழுந்த ரூயா கல்லூரி ஆகியவை சிறிது தூரத்துக்குள்ளேயே அமைந்துள்ளன. தாராவியோ நடந்து வரும் தொலைவு. அங்கிருந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைகள் வருவார்கள்.

அப்படி வந்த மாணவன் ஒருவன், தினமும் மாலையில் எங்கள் வாசகசாலையில் ஒரே நாற்காலியில் அமர்ந்து, தன் குறிப்பேட்டையே புரட்டிக்கொண்டிருந்தான். இரண்டு மாதமாயிற்று. ஒரு நூலும் எடுத்தானில்லை. ஒரு நாள் அருகிற் சென்று, "ஏன் தம்பி, புத்தகம் ஒன்றும் வேண்டாமா?" என்று கேட்டேன். அவன் எழுந்து நின்று, தாழ்ந்த குரலில், "சார், கேட்டால் பணம் கட்ட வேண்டுமா?" என்றான்.

ஆண்டுத் தொடக்கத்தில் அவன் வகுப்பு முழுவதையும் அழைத்து, ஒரு மணி நேரம் நூலகத்தைச் சுற்றிக் காட்டியவன் நான்தான். பட்டியலின் பெருமையையும் பகுப்பெண்ணின் நுட்பத்தையும் விளக்கினேன். நூலைக் கேட்டால் இலவசமாகக் கிடைக்கும் என்ற ஒன்றை மட்டும் சொல்ல மறந்தேன்! அது யாவர்க்கும் தெரியும் என எண்ணியது என் குற்றம்.

மறு ஆண்டு முறையை மாற்றினேன். சுற்றிக் காட்டுவதை நிறுத்தி, ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் ஒரு கேள்வி எழுதித் தந்தேன். இருபது நிமிடத்துக்குள் அதற்குரிய நூலைத் தன் கையால் எடுத்துத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டு வர வேண்டும் என்பதே பாடம். முதல் தடவை, நாற்பது பேருக்கும் ஒரே கேள்வியைக் கொடுத்துவிட்டேன். நாற்பது பேரும் ஒரே அலமாரியின் முன் குவிந்தனர். அடுத்த தடவை, அலமாரிக்கு ஒரு கேள்வி என்று பிரித்தேன். பணி சீராக நடந்தது. சீட்டைக் கையில் பிடித்தபடி நூலைத் தேடி எடுத்த பிள்ளைகளின் முகத்தில் கண்ட மகிழ்ச்சி இன்றும் என் மனத்தில் நிற்கிறது.

இதனைப் பிற நூலகர்களுக்கும் சொல்ல விரும்பி, மாநாடு ஒன்றில் சிற்றுரைக்குப் பெயர் கொடுத்தேன். ஏழு நிமிடம் அளித்தனர். தலைவருக்கும் புரவலர்களுக்கும் வணக்கம் கூறினேன். நூலகத்தின் தொன்மையைக் கூறினேன். என் கல்லூரியின் வரலாற்றைத் தொட்டேன். "ஒரு மாணவன் இருந்தான்" என்று தொடங்கிய பொழுது மணி அடித்துவிட்டது. அவையோர் அன்போடு கைதட்டினர். நான் சொல்ல வந்ததோ என்னோடேயே திரும்பி வந்தது.

அடுத்த முறை, அந்த மாணவன் கேட்ட கேள்வியையே முதல் வாக்கியமாக வைத்தேன். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொற்கள் என் வாயிலிருந்து வரும் எனக் கணக்கிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஐந்நூறு சொற்களுக்கு மேல் எழுதவில்லை. என்ன குறை கண்டேன், என்ன செய்தேன், எங்கே தவறினேன், பின் எப்படித் திருத்தினேன் என்ற நான்கையே கூறினேன். நாற்பது பேர் ஒரே அலமாரியில் முட்டிக்கொண்ட கதையைக் கேட்டு அவை சிரித்தது. கூட்டம் கலைந்தபின், வெளியூர்க் கல்லூரி நூலக அம்மையார் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, அந்தச் சீட்டுகளில் இரண்டொன்றைத் தருவீர்களா? எங்கள் பிள்ளைகளும் வாய்திறந்து கேட்கத் தயங்குகிறார்கள்" என்றார். அன்று என் பையிலிருந்த சீட்டுகள் அனைத்தையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

சிற்றுரையின் பயன் இதுவே எனக் கருதுகிறேன். ஒரு நூலகத்தில் ஒருவர் பட்டறிவால் கற்றது, சொல்லப்படாவிட்டால் அவர் ஓய்வு பெறும் நாளில் அவரோடு போய்விடும். பெரிய ஆய்வுக் கட்டுரை எழுத எல்லோருக்கும் ஓய்வும் துணிவும் வாய்ப்பதில்லை. ஆனால், தனியாளாக நூலகத்தைத் திறந்து தனியாளாகவே பூட்டும் சிறு கல்லூரி நூலகருக்கும் ஐந்து நிமிடம் சொல்ல ஏதேனும் ஒன்று உண்டு.

அவ்வாறு பேச எழும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் நான்கு. ஒன்றை மட்டும் சொல்லுங்கள். இரண்டாவதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வணக்கத்தை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். தவறியதை மறையாமல் கூறுங்கள். கேட்போர் அதே குழியில் விழாதிருக்க அது உதவும். பேசுமுன் வீட்டில் ஒருவரைக் கடிகாரத்தோடு எதிரே அமர்த்திப் பேசிப் பாருங்கள். என் உரைக்கு முதற்செவி கொடுத்தவள் என் மனைவி. "வணக்கம் போதும், விஷயத்துக்கு வாருங்கள்" என்று அவள் சொன்னதைவிடச் சிறந்த பாடம் எந்த மாநாட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்று அட்டைப் பெட்டிகள் இருந்த இடத்தில் கணினிகள் இருக்கின்றன. ஆயினும், கேட்கத் தயங்கி ஒரு மூலையில் அமரும் பிள்ளை இன்றும் வருகிறான். அவனுக்கு நாம் சொல்ல வேண்டியது நீண்ட செய்தியன்று: "வா தம்பி, இது உன்னுடையது, கேட்டு எடுத்துக்கொள்." இதனை உரிய காலத்தில் அவனிடம் சொல்லும் வழியை நூலகர்கள் ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொள்ள, ஐந்து நிமிடம் போதும். எனக்கு அளித்த நேரமும் முடிந்தது.