சொந்த வண்டியில போகணும்!

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! வீட்டில் டிபன் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

எதிரணி அக்கா அருமையாப் பேசினாங்க. "அயனம்பாக்கத்துல மழை பெஞ்சா முழங்கால் தண்ணி. இதுல விண்வெளிக்கு மனுஷனை அனுப்பணுமா?"ன்னு கேட்டாங்க. அக்கா, நானும் அயனம்பாக்கம்தான்! அதே தண்ணியில செருப்பைக் கையில பிடிச்சு நடந்தவன்தான். (சிரிப்பு) ஆனா தண்ணி நிக்குறது ராக்கெட் விட்டதாலயா? வாய்க்காலை மூடி வீடு கட்டினதால! (கைதட்டல்)

கணக்குப் பார்ப்போம். ககன்யான் திட்டத்துக்கு 2024-இல் உயர்த்தப்பட்ட மொத்த நிதி 20,193 கோடி ரூபாய். 140 கோடிப் பேருக்குப் பிரிச்சா தலைக்குச் சுமார் 144 ரூபாய். வருஷா வருஷம் இல்லீங்க, மொத்தத்துக்கும்! ஓட்டல்ல ஒரு நெய் ரோஸ்ட், ஒரு காபி. அவ்வளவுதான்.

1984-இல் ராகேஷ் சர்மா போனார். சோவியத் சோயுஸ் கலம். 2025-இல் சுபான்ஷு சுக்லா போனார், அமெரிக்க ராக்கெட். பெருமைதான். ஆனால் ரெண்டு தடவையும் வண்டி அடுத்தவங்க வண்டி! பக்கத்து வீட்டுக் காரில் கல்யாணத்துக்குப் போனா, அவர் எழுந்திரிச்சா நாமும் பாதிப் பந்தியில எழுந்திரிக்கணும். (சிரிப்பு)

விளையாட்டுக்குச் சொல்லலை. 1993-இல் அமெரிக்க நெருக்கடியால், கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தை நமக்குத் தருவதிலிருந்து ரஷ்யா பின்வாங்கியது. நாம அழுதுக்கிட்டு உட்காரலை. 2014 ஜனவரியில் சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜி.எஸ்.எல்.வி. வெற்றியாகப் பறந்தது. மனிதரைச் சுமக்கத் தகுதியானதுன்னு இன்னொரு கிரையோஜெனிக் எஞ்சினை 2024-இல் சோதிச்சு முடிச்ச இடம் எது? நம்ம நெல்லைச் சீமை மகேந்திரகிரி! (கைதட்டல்)

"சீனா 2003-லேயே அனுப்பிட்டானே, நாம 2018-இல் அறிவிச்சும் இன்னும் அனுப்பலையே"ன்னு ஒரு தம்பி கேலி பண்ணினார். தம்பி, அம்பத்தூர் எஸ்டேட்ல லேத்து ஓட்டினவர் எங்கப்பா. "அளவு தப்பினா இரும்பு போச்சு, வேற இரும்பு வாங்கலாம்"பார். இதுல உள்ளே இருக்கிறது இரும்பு இல்லை. ஒரு தாயோட பிள்ளை. 2003-இல் கொலம்பியா விண்கலம் திரும்பி வரும்போது கல்பனா சாவ்லாவோடு சேர்த்து ஏழு உயிர் போச்சே! அனுப்புறதா பெரிசு? திருப்பிக் கூட்டிட்டு வரணும்!

அதனாலதான் 2023 அக்டோபர் 21-ஆம் தேதி, ஆள் இல்லாத கலத்தை வச்சு, ஆபத்தில் தப்பிக்கிற முறையை முதலில் சோதிச்சாங்க. கிளம்ப ஐந்து விநாடி இருக்கும்போது கம்ப்யூட்டரே நிறுத்திடுச்சு. கோளாறைச் சரிபண்ணி அன்னைக்கே விட்டாங்க. கலம் பாராசூட்டில் வங்கக் கடலில் இறங்கியது. நிறுத்தத் தெரிஞ்சவன்தான் ஓட்டத் தெரிஞ்சவன்!

ககன்யானுக்குத் தேர்வான நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவங்க வீட்டிலும் ஒரு அம்மா சாமி விளக்கேத்துவாங்க. அந்த விளக்குக்குப் பதில் சொல்லிட்டுத்தான் ராக்கெட் கிளம்பணும். நாலாவதாப் போனாலும் பரவாயில்லை. நம்ம வண்டியில போகணும், பத்திரமா வீடு திரும்பணும்.

தேவையான செலவுதான் என்று தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவரே! (கைதட்டல்)