முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள்

(பெங்களூரில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கூட்டங்களில் ஜாதகப் பரிவர்த்தனை பற்றிப் பேசுகிறோம், ஸமஷ்டி உபநயனம் பற்றிப் பேசுகிறோம், முதியோர் இல்லம் பற்றிப் பேசுகிறோம். கல்யாணமான பெண் பெட்டியுடன் பிறந்தகம் திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் மேடையில் பேசுவதில்லை. காபி சாப்பிடும்போது தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறோம். இன்று அதைத்தான் பேசப் போகிறேன். நான் வக்கீல் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, சர்க்கார் உத்தியோகத்தில் ஃபைல் பார்த்து ரிடையர் ஆனவன். என் குடும்பத்தில் நடந்த ஒன்றினால் நான்கு வருஷம் கோர்ட் வாசலில் நின்றேன். அந்த அனுபவத்தையும், அதில் நான் செய்த தவறுகளையும் சொல்கிறேன்.

என் தங்கையின் பெண்ணுக்குத் தகப்பனார் இல்லை. 2010-ல் தாய்மாமனாக நான்தான் முன்னின்று விவாகம் நடத்தி வைத்தேன். 2014-ல் ஒரு நாள் காலை, இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜயநகரில் என் வீட்டு வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். "மாமா, கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டுமா?" என்றாள். "என்னம்மா நடந்தது?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, "ஆத்தில் சொல்லிண்டுதானே வந்தே?" என்று. மூன்றாம் நாள் நானே கொண்டுபோய் விட்டேன். "எல்லாம் சரியாயிடும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று உபதேசமும் செய்தேன்.

ஐந்து மாதம் கழித்து, ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. முதல் தடவை வந்தபோதே முதுகில் காயம் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. "ஏம்மா சொல்லலை?" என்றேன். "நீங்க கேக்கவே இல்லையே மாமா" என்றாள். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

காலேஜில் பிராக்டிகல் நோட்டில் முதலில் அப்சர்வேஷன், பிறகுதான் இன்ஃபரன்ஸ் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றைக்கு நான் ஒன்றையும் பார்க்காமல், கேட்காமல், முடிவை மட்டும் எழுதிவிட்டேன்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். முதலில் உயிருக்குப் பாதுகாப்பு, மற்றதெல்லாம் பிறகு. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. அடிப்பது மட்டும் வன்முறை அல்ல. ஓயாமல் இழிவாகப் பேசுவதும், செலவுக்குப் பணம் தராமல் வைப்பதும் அதில் அடங்கும். மனைவி மட்டுமல்ல, பிள்ளையால் துன்பப்படும் வயதான தாயாரும் இச்சட்டத்தின் உதவியை நாடலாம். நெருங்கக் கூடாது என்ற தடை உத்தரவு, வீட்டில் இருக்கும் உரிமை, பணம், குழந்தையின் தாற்காலிகப் பொறுப்பு ஆகிய எல்லாவற்றையும் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலேயே கேட்கலாம். அவசரமானால் எதிர்த்தரப்பு வருமுன்னரே இடைக்கால உத்தரவு தர அதிகாரம் உண்டு. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் மருமகளுக்கு அங்கே உரிமையில்லை என்று சொல்ல முடியாது என 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

அபாயம் என்றால் 112. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவசச் சட்ட உதவி உண்டு, அதற்கு 15100. ஊர் திரும்பியதும் இந்த நம்பர்களை டெலிபோன் டைரியில் எழுதி வையுங்கள்.

ஃபைல் பார்த்தவன் என்ற முறையில் இன்னொன்று. காகிதத்தில் இல்லாததை கோர்ட்டில் நிரூபிப்பது கஷ்டம். ஆஸ்பத்திரிச் சீட்டு, போட்டோ, தேதியுடன் ஒரு குறிப்பு, பாங்க் பாஸ்புத்தகம், குழந்தையின் பர்த் சர்டிபிகேட் இவற்றின் நகலைப் பத்திரமான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

பிள்ளையைப் பெற்றவர்கள் இங்கே இருக்கிறீர்கள். "பொய்ப் புகார் கொடுத்தால் எங்கள் கதி என்ன?" என்பீர்கள். நியாயமான கேள்வி. பழைய 498-ஏ பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 85-ஆம் பிரிவாக இருக்கிறது. இப்படிப்பட்ட வழக்குகளில் புகார் வந்தவுடன் யோசிக்காமல் கைது செய்யக் கூடாது, காரணத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்று 2014 ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் போலீசுக்குக் கட்டளையிட்டிருக்கிறது. பெண் வீட்டாருக்கும் சொல்கிறேன்: நடந்ததை மட்டும் எழுதுங்கள். ஊரிலிருக்கும் நாத்தனாரையும் சேர்த்து இழுத்தால், உண்மையான புகாரையும் யாரும் நம்பமாட்டார்கள்.

எங்கள் வழக்கு சித்தையா ரோடில் உள்ள நியாய தேகுல கட்டிடத்துக்குப் போயிற்று. குடும்பநல கோர்ட்டும், 2007-ல் தொடங்கிய சமரச மையமும் அங்கேதான். சமரசம் என்றால் சேர்த்து வைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். கௌரவமாகப் பிரிவதற்கும் அது உதவும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். 2018-ல் பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து ஆயிற்று.

என்னுடைய இரண்டாவது தவறு குழந்தை விஷயத்தில். சட்டம் முதலில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1956-ஆம் வருஷத்துச் சட்டம், மைனர் குழந்தைக்குத் தகப்பனார், "அவருக்குப் பிறகு" தாயார், இயற்கைப் பாதுகாவலர் என்றது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-ல் தன் மகன் பெயரில் ரிசர்வ் பாங்க் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். தகப்பனார் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. கணவருக்கு ஆட்சேபணையே இல்லை! அவர் வழக்குப் போட்டார். தகப்பனார் இறந்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது, அவர் கவனிக்காத நிலையிலோ, அவர் சம்மதத்துடனோகூடத் தாயார் பாதுகாவலராகலாம் என்று 1999 பிப்ரவரி 17-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயாரிடம் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். எல்லாவற்றுக்கும் மேலே குழந்தையின் நலன். கோர்ட் பார்ப்பது அதைத்தான்.

அமெரிக்காவில் பிள்ளை, பெண் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கோபத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறச் சொல்லாதீர்கள். 2009-ல் ஒரு வழக்கில் குழந்தையை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பவே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017-ல் வேறொரு வழக்கில், வெளிநாட்டுக் கோர்ட் உத்தரவைவிடக் குழந்தையின் நலனே முக்கியம் என்றது. எப்படிப் போகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. முதலில் வக்கீலைக் கேளுங்கள்.

எங்கள் குழந்தைக்கு வருகிறேன். மாதம் இரண்டு சனிக்கிழமை, கோர்ட் வளாகத்திலேயே, ஒருவர் மேற்பார்வையில் தகப்பனாரைப் பார்க்கலாம் என்று உத்தரவாயிற்று. "அந்த மனுஷன் நிழல்கூடக் குழந்தை மேலே படக்கூடாது அண்ணா" என்று தங்கை அழுதாள். நானும் ஆமோதித்தேன். குழந்தை திரும்பி வந்ததும் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "அப்பா என்ன கேட்டார்? நீ என்ன சொன்னே?" என்று குறுக்கு விசாரணை செய்வோம். ஒரு சனிக்கிழமை குழந்தை என்னைப் பார்த்து, "தாத்தா, எதைச் சொன்னா நீங்க கோச்சுக்கமாட்டேள்?" என்று கேட்டான். அப்போது அவனுக்கு ஐந்து வயது. அன்றோடு விசாரணையை நிறுத்தினோம்.

அம்மா ஆகாது, அப்பா ஆகாது என்ற நம் சண்டையில் குழந்தையைச் சாட்சியாக்கக் கூடாது. பாதுகாப்பை கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் குழந்தையின் மனசைக் காப்பது வீட்டிலுள்ள நம் பொறுப்பு.

என் மருமாள் இப்போது வேலைக்குப் போகிறாள். பையன் ஹைஸ்கூலில் படிக்கிறான். நன்றாக இருக்கிறார்கள். அன்றைக்கு நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரு எலும்பு முறிவு மிச்சமாகியிருக்கும்.

ஆகவே அங்கத்தினர்களே, உங்கள் வீட்டு வாசலில் ஒரு பெண்ணோ, பிள்ளையோ பெட்டியுடன் வந்து நின்றால், உள்ளே அழைத்து உட்காரவைத்து, சாப்பிட ஏதாவது கொடுத்து, என்ன நடந்தது என்று கேளுங்கள். முழுக்கக் கேளுங்கள். உபதேசம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.